கட்டி மீண்டும் வருமா?

லியோனார்ட் வுட் என்ற அமெரிக்கச் சேனாதிபதியின் பெயர் நம்மவர்களுக்கு அவ்வளவாகப் பரிச்சயமில்லை. வைத்தியம் படித்து, ராணுவத்தில் சேர்ந்து, 1898-ஆம் ஆண்டின் கியூபா யுத்தத்தில் தியடோர் ரூஸ்வெல்ட்டைத் தமக்கு அடுத்த அதிகாரியாக வைத்துக்கொண்டு ஒரு குதிரைப்படையை நடத்திய அந்த மனிதருக்கு, பிற்காலத்தில் இடது பக்கத்து அங்கங்களில் வலிப்புக் கண்டு, மண்டையோட்டின் உச்சியில் கட்டி ஒன்று வளர்ந்திருப்பதாகத் தெரியவந்தபோது, 1910-இல் பால்டிமோர் நகரத்தில் ஹார்வி குஷிங் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் மண்டையைத் திறந்து அதை எடுத்தார். மூளையைக் கத்தியால் அணுகுவதென்பது பிராணனைப் பணயம் வைப்பதாகவே எண்ணப்பட்ட காலம் அது. வுட் பிழைத்தார், அதே வருஷத்தில் தம் நாட்டுத் தரைப்படைக்குத் தலைவரானார், 1920-இல் ஜனாதிபதித் தேர்தலில் தம் கட்சியின் வேட்பாளராக முயன்றார், அதன் பின் பிலிப்பைன்ஸ் தீவுகளின் கவர்னர் ஜெனரலாக மணிலாவிலிருந்து ஆட்சி செலுத்தினார். ஆனால் காலம் செல்லச் செல்ல இடது கால் மறுபடியும் விறைத்தது; நடை தளர்ந்தது. 1927 ஆகஸ்டில் பாஸ்டன் நகரத்தில் அதே குஷிங்கின் கையில் மறுபடியும் தம்மை ஒப்படைத்த அவர், அறுவை முடிந்த சில மணி நேரத்தில் உயிர் துறந்தார்.

அந்தப் பதினேழு ஆண்டுகளில் அவர் தலைக்குள் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதைக் காண்பதற்கு அக்காலத்து வைத்தியர் எவரிடமும் கருவி இல்லை. சி.டி. ஸ்கேன் 1971-இல்தான் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது, எம்.ஆர்.ஐ. அதற்கும் பின்னால் வந்தது. இன்றோ, சில மில்லிமீட்டர் அளவில் ஒரு துணுக்கு முளைத்தாலும் கண்டுகொள்ளும் வசதி நம் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டது. ஆகவே வுட்டுக்கு நேர்ந்த முடிவு நம் காலத்தில் ஒருவருக்கும் நேரலாகாது. அப்படியும் நேருமாயின், அதற்குக் காரணம் சாஸ்திரத்தின் குறைவைக் காட்டிலும், சத்திர சிகிச்சை முடிந்த நாளோடு நோயாளியின் கதையும் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிவிடுவதே என்பது என் திடமான அபிப்பிராயம்.

வுட்டுக்கு வந்த கட்டி மூளையில் பிறந்ததன்று. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளில் தோன்றி, மூளையை வெளியிலிருந்து அழுத்துகின்ற இவ்வகைக் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று 1922-இல் பெயர் சூட்டியவரும் குஷிங்கே. மண்டைக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை இவ்வினத்தைச் சேர்ந்தவை என்பது அமெரிக்கப் பதிவேடுகளின் கணக்கு. ஆண்களைப் போல் இரண்டு மடங்கு பெண்களுக்கு இது வருகிறது. பெரும்பாலும் மெல்ல வளர்வது. உடலின் வேறு அவயவங்களுக்குப் பரவுவது மிக அபூர்வம். நூற்றில் எண்பது, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் முதல் தரத்தவை, அதாவது சாதுவானவை. எனவேதான், ஆபரேஷன் முடிந்து பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும், "பயப்படாதீர்கள், சாதாரணக் கட்டிதான், கான்சர் இல்லை" என்று டாக்டர் சொல்லும்போது, வாசலில் காத்திருக்கும் குடும்பம் கைகூப்பி அழுகிறது. அந்த ஆறுதல் உண்மையானது. அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போய், தையல் ஆறியதும் ஸ்கேன் படங்களைப் பரண்மேல் போட்டுவிட்டு, பத்து வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பாமல் இருந்துவிடும் குடும்பங்கள் அநேகம். கான்சர் இல்லாத கட்டியும் திரும்பி வரக்கூடும் என்பதை அவர்களுக்கு யாரேனும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்பதற்கு முதன்முதலாகத் தெளிவான கணக்கொன்றைக் கொடுத்தவர் டொனால்ட் சிம்ப்ஸன் என்ற ஆஸ்திரேலியர். குஷிங்கின் மாணவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் இங்கிலாந்தில் வளர்த்த வைத்தியப் பரம்பரையில் பயின்ற அவர், 265 நோயாளிகளின் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, சத்திர சிகிச்சையின்போது எவ்வளவு எடுக்கப்பட்டது, எவ்வளவு விடப்பட்டது என்பதை ஐந்து படிகளாகப் பிரித்து, 1957-இல் வெளியிட்டார். கட்டியோடு அது பற்றியிருந்த சவ்வையும், நோயுற்ற எலும்பையும் சேர்த்து அகற்றியவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குக் கட்டி மீண்டது. கட்டியை எடுத்துவிட்டுச் சவ்வைச் சுட்டு மட்டும் விட்டவர்களில் 19 பேருக்கு. சவ்வைத் தொடாமலே விட்டவர்களில் 29 பேருக்கு. கட்டியிலேயே ஒரு பகுதியை விட நேர்ந்தவர்களில் ஏறக்குறைய 40 பேருக்கு. ஐந்தாம் படி, அழுத்தத்தைக் குறைப்பதோடு நிறுத்திக்கொண்டது. கணிப்பொறியும் மரபணுச் சோதனையும் இல்லாமல், எழுதி வைத்த குறிப்புகளையும் நோயாளிகளின் பிற்கால நிலையையும் ஒப்பிட்டே செய்த இந்தக் கணக்கை இன்றும் உலகமெங்கும் நரம்பியல் அறுவை நிபுணர்கள் தங்கள் குறிப்பில் எழுதுகிறார்கள். முதல் மூன்று படிகளுக்கிடையே அத்தனை வித்தியாசம் இக்காலத்தில் இல்லை என்று வாதிப்பவர்களும் உண்டு. அவ்வாதத்தை நான் மதிக்கிறேன். எனினும் மிச்சம் விட்டவர்களுக்கு அபாயம் அதிகம் என்ற மூல உண்மையை அவர்களும் மறுக்கவில்லை.

மிச்சம் விடுவது நிபுணரின் கைக்குறைவு என்று வாசகர் எண்ணிவிடலாகாது. மண்டையின் மேற்புறத்தில், எளிதில் எட்டும் இடத்தில் அமைந்த கட்டியைச் சுற்றிலும் சவ்வோடு வெட்டி எடுத்துவிடலாம். உச்சிக் கோட்டை ஒட்டியதாயின், மூளையின் அசுத்த இரத்தத்தைத் திரட்டிச் செல்லும் பெரிய சிரை அங்கே ஓடுகிறது. கட்டி அதன் சுவரைத் துளைத்து உள்ளே புகுந்திருக்கவும் கூடும். சிரையோடு சேர்த்து எடுத்தால் கட்டி போகும், காலும் கையும் போகலாம், உயிரும் போகலாம். மண்டையின் அடித்தளத்தில், கண்ணை அசைக்கும் நரம்புகளும் மூளைக்கு இரத்தம் கொடுக்கும் தமனியும் நெருங்கி ஓடும் இடத்தில் அமைந்தால் சங்கடம் இன்னும் அதிகம். அங்கே கொஞ்சம் விட்டுவைப்பதே விவேகம். போதாக்குறைக்கு, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகின்ற சுற்றுச் சவ்விலும் கட்டியின் நுண்ணிய கூட்டங்கள் மறைந்திருப்பதைப் பிற்காலத்து ஆய்வாளர்கள் உருப்பெருக்கியில் கண்டார்கள். மேலே களையைப் பிடுங்கினாலும் மண்ணுக்கடியில் கிழங்கு தங்கிவிட்ட கோரையைப் போல, அங்கிருந்தே அது மறுபடி தலைகாட்டும். ஆகையால் நிபுணரிடம் நாம் கேட்க வேண்டியது முழுமையான வெற்றியைப் பற்றிய பிரகடனத்தை அன்று. எங்கே, எவ்வளவு, எதற்காக விட்டோம் என்ற நேர்மையான ஒரு குறிப்பையே.

இதற்கு அடுத்தபடியாக மனத்தில் கொள்ள வேண்டியது காலத்தின் கணக்கு. மாஸாச்சூஸெட்ஸ் பொது மருத்துவமனையின் 225 நோயாளிகளைப் பற்றி 1985-இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, கட்டி முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுக்குள் நூற்றுக்கு 7 பேருக்கும், பத்து ஆண்டுக்குள் 20 பேருக்கும், பதினைந்து ஆண்டுக்குள் 32 பேருக்கும் அது மீண்டது. இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் தப்பினால் தப்பியது தப்பியதுதான் என்று பல புற்றுநோய்களுக்குச் சொல்கிற சமாதானம் இங்கே செல்லாது. ஐந்தாம் வருஷத்துக்குப் பிறகே அதிகம் பேருக்குத் திரும்பியிருக்கிறது. நம் நோயாளிகளோ ஐந்தாம் வருஷத்துக்குள் மறைந்துபோகிறார்கள், அதாவது ஆஸ்பத்திரியின் பார்வையிலிருந்து.

இனி உருப்பெருக்கியின் சாட்சியம். மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றிய கட்டியின் துணுக்கை நோய்க்குறியியல் நிபுணர் பார்க்கும்போது, அணுக்கள் சுழித்துச் சுழித்து வட்டமிட்டிருப்பதும், இடையிடையே சுண்ணாம்பு படிந்த மணிகள் கிடப்பதும் தெரியும். அவ்வழகிய காட்சி பெரும்பாலும் நற்குறியே. அவர் தேடுவது, இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கும் அணுக்களை. உயர் உருப்பெருக்கத்தில் பத்துப் பார்வைப் பரப்புகளை எண்ணி, நான்கோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டாம் தரம். இருபதோ அதற்கு மேலோ இருந்தால் மூன்றாம் தரம். கட்டி மூளைக்குள்ளேயே ஊடுருவியிருந்தால், மற்ற லட்சணங்கள் இல்லாவிடினும், இரண்டாம் தரமென்று கொள்ளலாம் என்பது 2016-இல் ஏற்பட்ட விதி. ஆனால் எண்ணுகிறவரும் மனிதர். நான்காவது அணு உண்மையில் பிளந்துகொண்டிருக்கிறதா, அல்லது செத்துச் சுருங்கிக் கிடக்கிறதா என்பதில் இரண்டு நிபுணர்கள் மாறுபடுவதுண்டு. முதல் தரமென்று எழுதப்பட்ட கட்டி மூன்றே வருஷத்தில் திரும்புவதும், இரண்டாம் தரமென்று அஞ்சப்பட்டது இருபது வருஷம் அடங்கிக் கிடப்பதும் வைத்தியர்களுக்கு அநுபவத்தில் தெரிந்தவையே.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக விஞ்ஞானிகள் கட்டியின் மரபுப் பொருளை ஆராயத் தலைப்பட்டார்கள். இவ்வகைக் கட்டிகள் பலவற்றில் 22-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி தொலைந்துபோயிருக்கும் என்பது பழைய செய்தி. 1-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் தொலைந்திருந்தால் அபாயம் கூடும். டெர்ட் என்ற மரபணுவின் தொடக்கப் பகுதியில் குறிப்பிட்ட மாறுதல் இருந்தாலோ, சி.டி.கே.என்.2ஏ, 2பி என்ற மரபணுக்கள் இரண்டு பிரதிகளிலும் அழிந்திருந்தாலோ, உருப்பெருக்கியில் அது எவ்வளவு சாதுவாகத் தோன்றினாலும் மூன்றாம் தரமாகவே கொள்ள வேண்டுமென்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் விதித்தது. டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற ரசாயனக் குறிகளின் அமைப்பைக் கொண்டு கட்டிகளைப் பிரிக்கும் முறையை ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். கனடாவின் டொரான்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அதைக் கொண்டே, இன்ன நோயாளிக்கு ஐந்து வருஷத்துக்குள் கட்டி மீளும் சாத்தியம் இவ்வளவு என்று கணிக்கும் வழியை வகுத்தார்கள். 34 மரபணுக்களின் இயக்கத்தை அளந்து, கட்டி மீளுமா என்பதோடு கதிர்வீச்சு பலன் தருமா என்பதையும் சொல்ல முயலும் சோதனையொன்று, மூன்று கண்டங்களைச் சேர்ந்த பன்னிரண்டு மருத்துவ நிலையங்களின் 1,856 கட்டிகளைக் கொண்டு பரிசோதிக்கப்பட்டு, 2023-இல் வெளிவந்தது.

இவையெல்லாம் பெருமைக்குரிய காரியங்கள். ஆயினும் இவற்றின் ஆதாரம் எது? பல வருஷங்களுக்கு முன் எடுத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, எண்ணிட்டு, அலமாரியில் பத்திரப்படுத்தப்பட்ட சதைத் துணுக்கு ஒன்று; அதே நோயாளிக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று என்று விடாமல் எழுதிவந்த குறிப்பு ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்திராவிட்டால் எந்த யந்திரமும் எதையும் கணித்திருக்க முடியாது. இந்த உண்மையை எல்லாருக்கும் முன்பே உணர்ந்தவர் லூயிஸ் ஐஸன்ஹார்ட் என்ற பெண்மணி. 1915-இல் குஷிங்கிடம் காரியதரிசியாகச் சேர்ந்து, இடையில் தாமே வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று, அவரிடமே நோய்க்குறியியல் நிபுணராகத் திரும்பி வந்த அவர், சிறிய கறுப்பு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கட்டியையும், அதற்குரிய நோயாளியின் பின்வரலாற்றையும் பதிந்து வைத்தார். சத்திர சிகிச்சை நடந்த தேதியில் வருஷந்தோறும் தமக்குக் கடிதம் எழுதும்படி குஷிங் தம் நோயாளிகளைக் கேட்டுக்கொள்வார்; கடிதங்களும் வந்தன. அந்தப் பதிவுகளிலிருந்தே இருவரும் சேர்ந்து 1938-இல் மெனிஞ்சியோமாவைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் இன்றும் அந்தச் சேகரம் காப்பாற்றப்பட்டு வருகிறது. ஒரு காரியதரிசியின் கையெழுத்தில் தொடங்கிய ஒழுங்கு அது.

முன்கூட்டி அறிவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பற்றிய தீர்மானம் ஒன்றே இதற்குப் போதிய விடை. மூன்றாம் தரக் கட்டிக்குக் கதிர்வீச்சு அவசியம். முழுவதும் அகற்றப்பட்ட முதல் தரக் கட்டிக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை. இடையில் நிற்கும் இரண்டாம் தரக் கட்டியை முழுவதும் எடுத்துவிட்ட பின், உடனே கதிர்வீச்சுக் கொடுப்பதா, கண்காணித்து வருவதா என்பதில் உலகத்து நிபுணர்களே ஒருமனப்படாமல், ஐரோப்பாவில் ரோம் என்ற பெயரிலும், அமெரிக்காவில் என்.ஆர்.ஜி.-பி.என்.003 என்ற பெயரிலும் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிடும் ஆய்வுகளைத் தொடங்கினார்கள். கதிர்வீச்சு சாமானியமான மருந்தன்று. நினைவாற்றலையும் சுறுசுறுப்பையும் அது மங்கச் செய்யக்கூடும். 1950-களில் இஸ்ரேலில் குடியேறிய குழந்தைகளின் தலைப்படைக்கு அக்கால வழக்கப்படி எக்ஸ்-ரே கதிர் கொடுத்தபோது, பல ஆண்டுகள் கழிந்து அவர்களிடையே இதே மெனிஞ்சியோமா பன்மடங்கு பெருகியதும் சரித்திரம். ஆகவே வேண்டாதவருக்குக் கொடுப்பதும் தீங்கு, வேண்டியவருக்குக் கொடாமல் விடுவதும் தீங்கு. இவ்விரண்டிலிருந்தும் காப்பாற்றுவதற்கே கணிப்பு வேண்டும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் தொடங்கினார். மறு ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். முக்கால் நூற்றாண்டாக இம்மண்ணில் தேர்ந்த கைகள் இந்தக் கட்டிகளை எடுத்துவருகின்றன. திறமைக்குக் குறைவில்லை. குறைவு எதில் என்றால், உள்நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை ஒரு வைத்தியர் எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நெறிமுறை விதிகள் சொல்வதைப் பாருங்கள்: சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். பத்தாம் ஆண்டிலும் பதினைந்தாம் ஆண்டிலும் திரும்பக்கூடிய ஒரு வியாதிக்கு மூன்று ஆண்டுக் காவல்! இவ்விதியைக் காட்டிலும் நீண்டகாலம் பாதுகாக்கும் நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன, அவற்றை வணங்குகிறேன். ஆனால் நோயாளியின் உரிமை மருத்துவமனையின் நற்குணத்தை நம்பியிருத்தல் தகாது. மூளைக் கட்டிகளைப் பொறுத்தவரை அறுவைக் குறிப்பும், பயாப்ஸி ரிப்போர்ட்டும், மெழுகுக் கட்டையும் இருபத்தைந்து ஆண்டுகளேனும் பாதுகாக்கப்பட வேண்டுமென்று சட்டமே செய்ய வேண்டும்.

அதோடு, கண்காணிப்பைச் சிகிச்சையின் அங்கமாகவே சர்க்காரும் காப்பீட்டுத் திட்டங்களும் கருத வேண்டும். முதல் தரக் கட்டிக்கு ஐந்து ஆண்டு வரை வருஷம் ஒரு முறையும், அதன் பின் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும் எம்.ஆர்.ஐ. எடுப்பது ஐரோப்பிய நரம்புப் புற்றுநோயியல் சங்கம் வகுத்துள்ள முறை; இரண்டாம் தரமாயின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்று ஸ்கேன் எடுக்க வேண்டிய ஒரு தாய், தலைவலி இல்லாத வரையில் அதைத் தள்ளிப்போடுவது இயற்கை. அவள்மேல் குற்றமில்லை. தேதி நெருங்கும்போது அவளுக்குப் போன் செய்து, வழிச்செலவையும் கொடுத்து அழைக்கும் ஏற்பாடு, விலையுயர்ந்த மரபணுச் சோதனைக் கூடம் ஒன்றை நிறுவுவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கிலேயே நடந்துவிடும். மரபணுச் சோதனை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தரத்தில் சந்தேகமுள்ள கட்டிகளுக்கு அது ஏழைக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் ஜெர்மனியிலும் கனடாவிலும் வகுத்த கணக்கு நம்மவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறதா என்று சோதிக்கவும், நம்முடைய பதிவேடு நம்மிடம் இருந்தாக வேண்டும்.

"திரும்பி வரலாம் என்று சொன்னால் நோயாளி பயந்துவிடுவாரே, நிம்மதியாக இருக்க விடலாமே" என்று கருணையோடு சொல்லும் வைத்தியர்கள் உண்டு. அவர்களுடைய கருணையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்து ஆண்டில் நூற்றுக்கு இருபது என்பது ஒரு கூட்டத்தின் கணக்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு அது நேரும் அல்லது நேராது, அவ்வளவே. அதை அப்படியே விளக்கிச் சொல்லலாம். "பத்து வருஷத்தில் உங்களைப் போன்ற நூறு பேரில் எண்பது பேருக்கு வராது, வந்தாலும், சிறியதாக இருக்கும்போதே கண்டுவிட்டால் கதிர்வீச்சிலோ, சிறு அறுவையிலோ அடக்கிவிட நல்ல வாய்ப்பு உண்டு, அதற்காகத்தான் இந்தத் தேதிகளில் வரச் சொல்கிறேன்" என்று தாய்மொழியில் ஐந்து நிமிஷம் பேசினால், அதைத் தாங்கிக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் இருக்குமென்று நான் நம்பவில்லை. மண்டையைத் திறப்பதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்ட தைரியம் உள்ளவர்கள் அவர்கள்.

சட்டம் மாறும் வரையில், இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் தாமே செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றே போதாது. அறுவைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். அதில் சிம்ப்ஸன் படி எது என்று எழுதியிருக்கிறதா, எங்கேனும் மிச்சம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டின் முழு நகலையும், மெழுகுக் கட்டையின் எண்ணையும், அறுவைக்குப் பின் முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ.யின் குறுந்தகட்டையும் வாங்கி வையுங்கள். பின்னால் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் அந்த முதற்படத்தோடு ஒப்பிட்டால்தான் வளர்ச்சி தெரியும். மூன்று ஆண்டு என்று சொல்லும் அதே விதிகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைக் கொடுத்தாக வேண்டுமென்றும் சொல்கின்றன. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். ஆபரேஷன் நடந்து இரண்டு வருஷம் கடந்துவிட்டதென்றால், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.